நாய் செத்தால் இரண்டு

தெற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள வரக்கட்டா ஊர்மன்றத்தின் 14 மார்ச் 2017 தேதியிட்ட கூட்டக் குறிப்பில், நான்காம் பக்கத்தில், இப்படி ஒரு வரி உள்ளது: “திருமதி ட்ரெலோரின் குறிப்பேடு, நூலக உதவியாளரின் கவனக்குறைவால் மாணவர்கள் கைக்குச் சென்றது.”

இந்த ஒரு வரியில் மூன்று பிழைகள் உள்ளன. முதலாவது, வெர்னா ட்ரெலோர் திருமணமே செய்துகொள்ளாதவர். இரண்டாவது, அது குறிப்பேடு அன்று. முப்பத்தெட்டுப் பக்கத் தட்டச்சுப் பட்டியல். மூன்றாவது பிழையைத் திருத்தக் கோரி நான் மன்றத்துக்கு நான்கு கடிதங்கள் எழுதினேன். “தங்கள் கடிதம் கவனத்தில் கொள்ளப்பட்டது” என்று நான்கு பதில்கள் வந்தன. எட்டும் என் கோப்பில் தேதி வாரியாக உள்ளன.

அந்த நூலக உதவியாளன் நான்தான். ஆனால் மூன்றாவது பிழை விளங்க வேண்டுமானால் வெர்னாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெர்னாவைத் தெரிந்துகொள்ள நத்தையிலிருந்து தொடங்க வேண்டும்.

வெர்னா முப்பத்தோரு அறுவடைக் காலம் வரக்கட்டாவின் கோதுமைக் களஞ்சியத்தில் பரிசோதகராக இருந்தார். டிசம்பர் மாதம் லாரிகள் சாலை வரை வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொரு லோடிலும் ஐந்து இடத்தில் நீளமான குத்தூசியைச் செருகி எடுப்பார். வந்த தானியத்தை வெள்ளைத் தட்டில் பரப்பி, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, களை விதை எத்தனை, உடைந்த மணி எத்தனை, கதிரோடு சேர்ந்து அறுபட்டு வந்த நத்தை எத்தனை என்று எண்ணுவார். முதல் தரம் ரொட்டிக்கு. இரண்டாம் தரம் பிஸ்கட்டுக்கு. மீதி மாட்டுத் தீவனம். அவர் வாயிலிருந்து “தீவனம்” என்ற சொல் விழுந்தால், ஓர் ஆண்டு உழைத்தவன் முகம் தொங்கிவிடும்.

ஒரு முறை அவருடைய சொந்தத் தம்பி கெவினின் லாரி வந்தது.

“கெவ், நாலு நத்தை.”

“நாலுதானே அக்கா! ஞாயித்துக்கிழமை தவறாம உனக்கு ஆட்டுக்கறி வறுத்துப் போடறவன்டி நான்.”

“போடு. வேணாம்னு சொல்லல. அதுல நத்தை இல்லாமப் போடு. வண்டியத் திருப்பு.”

கெவின் அடுத்த கிறிஸ்துமஸ் வரை அவரிடம் பேசவில்லை. ஆனால் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடும் செய்யவில்லை. செய்தவர்களின் மாதிரிகள் அடிலெய்டு ஆய்வகத்துக்குப் போகும். முப்பத்தோரு ஆண்டுகளில் ஒன்றில்கூட வெர்னாவின் எண் மாறித் திரும்பியதில்லை. அவருக்கு நிலம் கிடையாது, பிள்ளை கிடையாது. இந்த ஒன்றுதான் அவர் சேர்த்துவைத்த சொத்து. எனவேதான் இங்கேயே எழுதிவைக்கிறேன்.

இனி நூலகம். எங்கள் ஊரில் பள்ளிக்கும் ஊருக்கும் சேர்த்து ஒரே நூலகம். நான் அங்கே இருபத்திரண்டு ஆண்டுகள் உதவியாளனாக இருந்தேன். நூலகப் பட்டயம் எதுவும் என்னிடம் இல்லை. மூன்று தடித்த கையேடுகளை வாசித்து நானே கற்றது. பொன்னம்பலவாணன் என்ற என் பெயரை ஊரார் முதல் வாரமே “பொன்னோ” ஆக்கிவிட்டனர். இந்த ஊரில் பெயர் வாயிலிருந்து கிளம்பி வேலியைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட வேண்டும்.

2016 அக்டோபர் 17 அன்று, பெற்றோர் குழுத் தலைவி கிளெனிஸ் ஃபிட்ஸ்னர் ஊர்மன்றத்துக்கு ஒரு புகார் எழுதினார். அவருடைய பதினான்கு வயது மகள் இமோஜன் படித்துக்கொண்டிருந்த நாவலில் 87ஆம் பக்கத்தில் ஒரு முத்தமும் 203ஆம் பக்கத்தில் ஒரு கத்திக்குத்தும் இருந்தனவாம். ஆகவே இளையோர் அடுக்கில் உள்ள இருநூற்றுப் பதினான்கு நூல்களையும் எடுத்து, கண்காட்சித் திடலில் உள்ள தகர ஷெட்டில் பூட்டிவைக்க வேண்டும் என்பது கோரிக்கை.

நடுநிலையோடு ஓர் உண்மையைப் பதிவு செய்கிறேன். அதே இமோஜன், அதற்கு ஏழு வாரம் முன்பு, அதே திடலில், ஒரு கோழியை அறுத்து உரித்துச் சுத்தம் செய்யும் போட்டியில் ஐந்து நிமிடத்துக்குள் முடித்து முதல் பரிசு வாங்கியவள். இதை நான் கிளெனிஸிடம் பணிவோடு நினைவூட்டினேன்.

“அது கோழி, பொன்னோ. கோழிக்கு என்ன மனசா இருக்கு?”

பக்கத்தில் நின்ற இமோஜன் சொன்னாள்: “கதையில குத்து வாங்கினவனுக்கு உடம்பே இல்லம்மா.”

“நீ வண்டியில போய் உக்காரு!”

மன்றத் தலைவர் மெர்வ் நான்கிவெல் சண்டையை விரும்பாத மனிதர். இரு தரப்பும் ஏற்கும் ஒருவரை வைத்து நூல்களைப் பரிசோதித்துவிட்டு, பிறகு மன்றத்தில் ஓட்டெடுக்கலாம் என்றார். ஊர் முழுக்க நம்பும் பரிசோதகர் ஒருவர்தான்.

“வெர்னா வாழ்நாள்ல ஒரு புத்தகம் படிச்சதில்லையே மெர்வ்?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

“அதைவிட நடுநிலை எங்க கிடைக்கும் உனக்கு?” என்றார் மெர்வ்.

நவம்பர் 3 காலையில் வெர்னா நூலகத்துக்கு வந்தார். வெள்ளைத் தட்டு, விரலால் அமுக்கி எண்ணும் கருவி, கயிற்றில் தொங்கும் கண்ணாடி, காகிதத்தில் சுற்றிய ரொட்டி.

“எங்க லோடு?”

அடுக்கைக் காட்டினேன்.

“தரம் என்ன? எத்தனை வரைக்கும் விடலாம்?”

இது குறித்து வெவ்வேறு அமைப்புகள் வெளியிட்ட மூன்று வழிகாட்டிகளை நான் தேடி எடுத்துவைத்திருந்தேன். மொத்தம் நாற்பத்தாறு பக்கங்கள். வெர்னா விரலை ஓட்டி ஓட்டி முழுவதையும் படித்தார். மதியம் ஆகிவிட்டது.

“‘வயசுக்குப் பொருத்தமான அளவு’ன்னு போட்டிருக்கான். பொருத்தமான அளவுன்னா எத்தனை?”

“அது சொல்லல வெர்னா.”

“இங்க பாரு, ‘தேவைக்கு மேல் போகாத வன்முறை’. யாரு தேவைக்கு? அடிக்கிறவன் தேவைக்கா, அடி வாங்கறவன் தேவைக்கா?” கண்ணாடியைக் கழற்றினார். “நாப்பத்தாறு பக்கம் எழுதியிருக்கானுங்க, ஒரு எண்ணுகூடப் போடல. இவனுங்கள ஒரு நாள் களஞ்சியத்துல நிக்கவெக்கணும். லாரிக்காரன் கொன்னே போட்டிருப்பான்.”

ஆகவே தர அட்டவணையை அவரே ஓர் அட்டையில் எழுதினார். மூலம் என்னிடம் உள்ளது. முதல் தரத்துக்கு நான்கு முத்தம் வரை, மூன்று குத்து வரை, இரண்டு சாவு வரை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டால் அரைப் புள்ளி.

“ஏன் அரை?”

“உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை முழுசா எண்ணக் கூடாது. ஒருவேளை சீட்டாடியிருப்பாங்க.”

அதற்குக் கீழே, அடிக்கோடிட்டு: நாய் செத்தால் இரண்டு.

“மனுஷன் செத்தா ஒண்ணு, நாய் செத்தா ரெண்டா?”

“மனுஷன் ஏதாவது பண்ணியிருப்பான் பொன்னோ. நாய் என்ன பண்ணிச்சு?”

இதற்கு மறுப்பு எந்த வழிகாட்டியிலும் இல்லை.

அடுத்து, ஒவ்வொரு நூலையும் முழுவதும் படிப்பதா என்ற கேள்வி எழுந்தது. இந்த இடத்தில் என் பங்கை மறைக்க மாட்டேன். எங்கள் மொழியில் ஒரு பழமொழி உண்டு என்று நான்தான் சொன்னேன்: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அதைக் கேட்டதும் வெர்னாவின் முகம் மலர்ந்த விதத்தை நான் மறக்க மாட்டேன்.

“உங்க ஊர்ல பரிசோதகர் இருந்திருக்காங்க!”

குத்தூசி முறை அன்றே முடிவாயிற்று. நூலுக்கு ஐந்து இடம். ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பக்கம். கண்டது, பக்க எண், தரம். முதல் வாரத்தில் இருபத்தாறு நூல்கள் முடிந்தன. நூலகத்தில் அவருடைய எண்ணும் கருவி ‘டிக், டிக்’ என்று அடிப்பது மட்டும் கேட்கும். நெடுநேரம் அடிக்காமல் இருந்து திடீரென்று தொடர்ந்து ஏழெட்டு முறை அடித்தால், பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் முதியவர்கள் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

“முத்தமா, கொலையா?”

“உன் பத்திரிகையப் பாருய்யா.”

ஜனவரியில் டிக் ஒலி குறைந்தது. ஐந்து இடமும் முடிந்த பின்னும் நூல் அவர் கையிலேயே இருப்பதைக் கவனித்தேன்.

“வெர்னா, அஞ்சு முடிஞ்சுதே?”

“வாயை மூடு. இவ இப்பதான் அவன்கிட்ட உண்மையச் சொல்லப்போறா.”

மறுநாள் முதல் தட்டில் நூல்களை அடுக்கி வீட்டுக்கும் எடுத்துப்போனார். இரவல் பதிவேட்டின்படி, ஜனவரி இறுதியில் கோடை விடுமுறை முடிவதற்குள் அறுபத்திரண்டு. பரிசோதனைக்கு அது தேவையே இல்லை. நான் கேட்டபோது, “மறுபரிசோதனை” என்றார்.

பிப்ரவரி 9 அன்று பட்டியல் முடிந்தது. வெர்னா சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். நூலின் பெயர், குறியீடு, பக்க எண்கள், தரம். மோசமானது முதலில். ஆறு நகல்கள். ஒவ்வொன்றின் வலது மேல் மூலையிலும் சிவப்பு மையால் எண் இட்டு, பெறுபவரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டேன். மூன்றாம் எண் நகலைப் பெற்றவர் கிளெனிஸ் ஃபிட்ஸ்னர். கையொப்பத்தாள் என்னிடம் உள்ளது.

பிப்ரவரி 16, வியாழன், பள்ளி மணி அடித்து மூன்று நிமிடத்தில் நூலகத்தில் பத்தொன்பது மாணவர்கள் நின்றார்கள். ஓடிவந்த மூச்சிரைப்போடு நின்றார்கள். அதுவரை இளையோர் அடுக்கிலிருந்து மாதத்துக்கு ஒன்பது நூல்கள் போகும். அந்த இரண்டு வாரத்தில் நூற்று அறுபத்து மூன்று போயின. கழிப்பறைக்கு வழி கேட்க மட்டுமே நூலகத்துக்குள் வந்த கால்பந்து வீரர்கள், மிகத் துல்லியமாக நூல் பெயர் சொல்லிக் கேட்டார்கள்.

எல்லாரும் முதலில் கேட்டது ஒரே நூலை. பட்டியலின் முதல் இடத்தில், “தீவனம்” என்று தடித்த எழுத்தில் இருந்த ஓர் அமெரிக்கக் கூடைப்பந்து நாவல். வெர்னாவின் கணக்கில், ஒரே அத்தியாயத்தில் பதினொரு குற்றம். பதினேழு பேர் வரிசையில் பெயர் கொடுத்தார்கள்.

ஒரு வாரத்தில் வரிசை கலைந்தது. படித்தவர்கள் ஏமாற்றப்பட்டவர்களின் முகத்தோடு நூலைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான்காவதாகப் படித்த இமோஜன், நேராக வெர்னாவின் மேசைக்கு வந்தாள்.

“வெர்னா, இதுல ஒண்ணுமே இல்ல.”

“ஒண்ணுமே இல்லையா? அறுபத்தொண்ணாம் பக்கத்த எடு. மேயரு! பாதிரியாரு! பட்டப்பகல்ல, விளையாட்டு மைதானத்துல, ஊரு மொத்தமும்! எனக்கு அறுபத்தேழு வயசு, நானே கண்ண மூடிக்கிட்டேன்.”

இமோஜன் அந்தப் பக்கத்தை எடுத்தாள். படித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை. விளக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

குற்றம் முழுவதும் “ரூட்” என்ற ஒரு சொல்லில் இருந்தது. தமிழ்நாட்டில் ஒருவன் ‘ரூட் விட்டால்’ அது காதலின் முதல் படி. ஆஸ்திரேலியாவில் அதே சொல் கடைசிப் படி. பெரியவர்கள் முன்னிலையில் யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவிலோ, தன் அணி வெல்ல வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துவதற்குத்தான் அந்தப் பெயர். தொலைக்காட்சியில் உள்ளூர்க் கால்பந்தும் வானிலையும் மட்டுமே பார்த்த வெர்னாவுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

“அப்போ அந்தப் பாதிரியாரு...”

“கத்தினார் வெர்னா. அவ்வளவுதான்.”

“தொப்பியக் கழட்டினாரே?”

“ஆட்டறதுக்கு.”

வெர்னா தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: “முப்பத்தோரு அறுவடை. ஒரு எண்ணு மாறினதில்ல. பொன்னோ, இத யார்கிட்டயும் சொல்லாதே. இவ சின்னப் பொண்ணு, மறந்துடுவா.”

“சாகறவரைக்கும் மறக்க மாட்டேன்” என்றாள் தரையிலிருந்து இமோஜன்.

அவள் கையில் பட்டியலின் நகல் இருந்தது. நகலின் நகல். வலது மூலையில், சிவப்பு மை சாம்பல் நிறமாக மாறியிருந்த 3 என்ற எண்ணை நான் கண்டேன். கண்டு, பேசாமல் இருந்தேன். படிக்க வந்த பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது நூலகத்தின் வேலை அன்று. இப்போது அதை எழுதுவதற்குக் காரணம், அடிலெய்டில் செவிலியராக உள்ள இமோஜன் கடந்த ஆண்டு எழுத்து மூலம் தந்த அனுமதி.

மார்ச் 4 காலை, நூலகம் திறக்கும் முன்பே வெர்னா தம் காரில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு மெல்லிய நாவல். என்னைக் கண்டதும் கார்க் கண்ணாடியை இறக்கினார்.

“இதுக்கு நான் என்ன தரம் போட்டேன்னு பாரு.”

பார்த்தேன். முதல் தரம். ஐந்து இடத்திலும் சுழி.

“நூத்திப் பன்னெண்டாம் பக்கம். நான் குத்தூசி போட்டது நூறுல முடிஞ்சு, அடுத்தது நூத்தி நாப்பதுல. நடுவுல இருக்கு. அவங்கப்பன் பெல்ட்டைக் கழட்டறான்.”

நூலை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

“கழட்டி, ரெண்டா மடிக்கறான். எங்கப்பாவும் மடிப்பாரு. எழுதினவளுக்கு அது எப்படித் தெரியும்?” ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். “பதினாலு வயசுல இத நான் படிச்சிருந்தா கெட்டுப்போயிருப்பேனா பொன்னோ? கெட்டது வீட்டுல நடந்துகிட்டுதான் இருந்துச்சு. படிச்சிருந்தா, எங்க வீட்டுல மட்டும் இல்லன்னாவது தெரிஞ்சிருக்கும்.”

பிறகு மூக்கைச் சிந்தினார். “ஓட்டெடுப்புல தோத்தா இதுவும் ஷெட்டுக்குப் போயிடுமா?”

“இருநூத்திப் பதினாலும்.”

“நான் இன்னும் எழுபத்தொம்பது படிக்கல” என்றார் வெர்னா. அதைச் சொல்லும்போது அவர் குரல், அறுவடை நேரத்தில் மழை வந்த விவசாயியின் குரலாக இருந்தது.

மார்ச் 14, செவ்வாய், மாலை நான்கு மணி. மன்றக் கூடத்தில் வழக்கமாக வரும் எட்டுப் பேருக்குப் பதிலாக எண்பது பேர். பின்வரிசையில் இமோஜனும் அவள் தோழியரும். நிகழ்ச்சிநிரலில் ஏழாம் பொருளாக நூலக அடுக்கு வந்ததும் கிளெனிஸ் எழுந்தார். பட்டியலை உயர்த்திக் காட்டினார்.

“பரிசோதகர் வெர்னாவே தீவனம்னு எழுதியிருக்காங்க. பாதிக்கு மேல தீவனம். இதுலயே கேடுகெட்ட புத்தகம் இதோ. வாயால படிக்கவே கூசுது. ஆனா நம்ம பிள்ளைங்க கண்ணால படிக்குதே! அறுபத்தொண்ணாம் பக்கம்.”

அவர் அதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கவில்லை. பட்டியலை நம்பினார். வெர்னாவின் பட்டியலை நம்பாதவர் ஊரில் யார்?

“‘கடைசி நிமிடம். ஊர் மொத்தமும் எங்களுக்காக ரூட் செய்தது. மேயர் நாற்காலி மேல் ஏறி ரூட் செய்தார். பாதிரியார் தொப்பியைக் கழற்றிவிட்டு...’”

கிளெனிஸின் குரல் தேய்ந்தது. அவர் வீட்டில் தொலைக்காட்சி உண்டு; அமெரிக்கத் தொடர்கள் பார்ப்பவர். சொல்லின் பொருள் அவருக்குப் பிடிபட்டது முகத்தில் தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வந்ததுதான்.

“நிறுத்தாதே கிளெனிஸ்!” என்று கெவின் கத்தினார். “பாதிரியார் என்ன ஆனாரு?”

“மெர்வ், நீயும் நாற்காலி மேல ஏறுவியா?”

“இந்த வயசுல எங்கய்யா ஏற!”

கூரைத் தகரம் அதிர்ந்தது. குறிப்பு எழுதும் எழுத்தர், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அவர் திரும்பி வந்தது பதினொரு நிமிடம் கழித்து. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான் குறித்துக்கொண்டேன். நடந்தது எல்லாம் அந்தப் பதினொரு நிமிடத்தில்தான் நடந்தது. எனவே மன்றக் குறிப்பில் அது இல்லை. இங்கே உள்ளது.

சிரிப்பு அடங்கியதும் மெர்வ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “சரி, ஒரு புத்தகத்துல ஒரு சொல்லு தப்பாப் போச்சு. இருநூத்திப் பதிமூணு இருக்கே. வெர்னா, மீதிக் கணக்கு நிக்குமா? நீ ஆமான்னு சொன்னா ஓட்டுக்கு விட்டுடறேன்.”

எல்லாரும் வெர்னா பக்கம் திரும்பினார்கள். ஆமாம் என்று சொன்னால் முப்பத்தோரு அறுவடையின் பெயர், ஒரு சொல்லின் வேடிக்கையோடு தப்பித்துவிடும். அடுக்கு ஷெட்டுக்குப் போகும். இல்லை என்று சொன்னால், இனி எந்த விவசாயி வேண்டுமானாலும் மதுக்கடையில் உட்கார்ந்து, தன் பழைய தீவனமெல்லாம் முதல் தரம்தான் என்று சொல்லலாம். வெர்னா எழுந்து நின்றார். பரிசோதனைத் தட்டு அவர் கையில் இருந்தது; ஏன் கொண்டுவந்தார் என்று தெரியவில்லை.

“நிக்காது மெர்வ்.”

“எது?”

“எதுவுமே. கோதுமைய லாரியில கொட்டறப்பவே அது கலந்துடுது. எங்க குத்தினாலும் அதே கோதுமைதான். பொன்னோகூட ஒரு பழமொழி சொன்னான், ஒரு சோறு எடுத்துப் பாத்தா பானையத் தெரியும்னு. சோத்துக்குச் சரி. புத்தகத்த யாரும் கலக்கி வெக்கல. ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா அடுக்கி வெச்சிருக்காங்க. நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல ஒரு பொண்ணு கதவச் சாத்தறான்னா, நூத்தி நாப்பத்திரெண்டு பக்கம் யோசிச்சிட்டுச் சாத்தறா. நான் கதவ மட்டும் எண்ணினேன். மோசம்னு போட்டதுல பாதி மோசமில்ல. சுத்தம்னு போட்ட ஒண்ணுல இருந்ததப் படிச்சிட்டு நான் கார விட்டு எறங்கல. என் கணக்கு தப்பு. லோடு முழுக்கத் திருப்பி அனுப்பணும். என் லோடு.”

நான்கு நத்தைக்காகத் தம்பியின் லாரியைத் திருப்பியவர், தம் லாரியையும் திருப்பினார். முதலில் கைதட்டியது கெவின்.

கிளெனிஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

“அப்போ எம்பொண்ணு என்ன படிக்கிறான்னு எனக்கு எப்படித் தெரியும் வெர்னா? அத்தனையும் நான் உக்காந்து படிக்கவா?”

“அவளக் கேளு.”

“கேட்டா சொல்லிடுவாளாக்கும்!”

பின்வரிசையில் இமோஜன் எழுந்தாள். “சொல்றேம்மா. அந்த லிஸ்ட்ட பஸ்ஸுல குடுத்தது நான்தான். நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல இருந்துச்சு. நீ காந்தம் வெச்சு ஒட்டியிருந்தே.”

ஊரே கேட்க இதைச் சொன்னாள். எண்பது சாட்சிகள். எழுத்தர் திரும்பி வந்து, பக்கத்தில் இருந்தவரிடம் “என்னய்யா ஆச்சு?” என்று கேட்க, அவர் லாமிங்டன் கேக்கை மென்றுகொண்டே “எல்லாம் பொன்னோ அடிச்ச லிஸ்ட்டால வந்தது” என்றார். நான்காம் பக்கத்து வரி இப்படித்தான் பிறந்தது.

நான்குக்கு மூன்று என்ற வாக்கில் அடுக்கு அதே இடத்தில் நிலைத்தது. ஒரு நிபந்தனை: ஒவ்வொரு நூலிலும், உள்ளே என்ன இருக்கிறது என்று வெர்னா ஒரு சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். முழுவதும் படித்துவிட்டு.

அதற்கு அவருக்கு ஓர் ஆண்டு பிடித்தது. தரம் எதுவும் போடவில்லை. சில சீட்டுகளின் நகல் என்னிடம் உள்ளது. “முத்தம் ஒன்பது. ஏழு அவசியம். இரண்டு எழுதியவருக்குப் பொழுது போகாததால்.” “சாவு இரண்டு. ஒன்று நாய். கைக்குட்டை எடுத்துக்கொள்.” “ரத்தம் நிறைய, வலியே இல்லை. இப்படி ரத்தம் கொட்டினால் வலிக்கும் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு படி.” கூடைப்பந்து நாவலில்: “ஒன்றும் இல்லை. மன்னிக்கவும்.” அந்த மெல்லிய நாவலில்: “112ஆம் பக்கம் கடினம். தனியாகப் படிக்க முடியாவிட்டால் சனிக்கிழமை நூலகத்தில் இருப்பேன். வெர்னா.” அந்தச் சீட்டைப் படித்துவிட்டு மூன்று ஆண்டுகளில் இரண்டு பேர் சனிக்கிழமை வந்தார்கள். யார் என்று எந்தப் பதிவேட்டிலும் நான் எழுதவில்லை. என் வாழ்வில் நான் வேண்டுமென்றே எழுதாமல் விட்ட பதிவு அது ஒன்றுதான்.

கிளெனிஸ் இப்போது மாதம் இரண்டு நூல்கள் எடுக்கிறார். சீட்டில் முத்தம் மூன்றுக்குக் குறைவாக இருந்தால் திருப்பி வைத்துவிடுகிறார்.

ஐந்தாம் கடிதத்தை மன்றத்துக்கு அனுப்பும் முன், இணைப்புகளோடு சேர்த்து அறுபத்து நான்கு பக்கங்களையும் வெர்னாவிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

“இன்னுமா விடல நீ?”

“பிழை பிழைதானே வெர்னா? நீங்க நத்தைய விட்டீங்களா?”

அறுபத்து நான்கையும் எடுத்துப்போனார். மூன்று நாள் கழித்துத் திருப்பித் தந்தார். குத்தூசி போடவில்லை, முழுவதும் படித்தேன் என்றார். முதல் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கடிதத்தோடு சேர்த்து அதையும் அப்படியே அனுப்பினேன். நகல் என் கோப்பில், கடைசித் தாளாக உள்ளது:

“முத்தம் இல்லை. சாவு இல்லை. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எழுதியவர் சொல்வது எல்லாம் உண்மை. ஒரே ஒரு நத்தைதான், இணைத்துள்ள மன்றக் குறிப்பின் நான்காம் பக்கத்தில். ஆனால் அது உங்கள் நத்தை. எடுத்துவிடுங்கள். ஓய்வுபெற்ற பரிசோதகர், செல்வி வெ. ட்ரெலோர்.”